கிண்ணத்தைத் தொடாத பிள்ளை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் — நான், என் மனைவி ஜெயமேரி, இரண்டு வயது முடிந்த எங்கள் மகன் ஜோயல், குழந்தைகள் காப்பகம் நடத்தும் ரெஜினா டீச்சர், அவருக்கு ஒத்தாசையாக இருக்கும் ஆயாம்மா, அப்புறம் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்த ஆறு வாண்டுகள். ஆக, பதினொரு பேர்.

பதினொரு பேர் முன்னால் என் மானம் போயிற்று என்று சொல்ல வரவில்லை. மானம் போனால் திரும்ப வந்துவிடும். போனது வேறு...

பகல் சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு கிண்ணம், அதில் குழைந்த பருப்பு சாதம், பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பூன். "ஜோயலும் உட்காரட்டும். எப்படிச் சாப்பிடுறான்னு ஒரு வேளை பாத்துடலாம்" என்றார் டீச்சர். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் இப்படி ஒரு வேளை பார்ப்பது அங்கே வழக்கமாம்.

உட்கார வைத்தோம். என் பையன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரலோடு விரல் கோத்துக்கொண்டான்.

"எம்மாம் மரியாதை பாருங்க" என்று டீச்சர் பூரித்துப்போனார். "செபம் சொல்லாம சாப்பிடக் கூடாதுன்னு காத்திருக்கான். வூட்டுல நல்லா பழக்கியிருக்கீங்க."

எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. ஜெயமேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபம் முடிந்தது. மற்ற ஆறு பேரும் களத்தில் இறங்கினார்கள். ஒருத்திக்குத் தலைமுடியெல்லாம் சாதம். ஒருவன் ஸ்பூனைத் தூரப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினான். இன்னொருவன் பக்கத்துப் பையன் காதுக்கு ஊட்டினான். எப்படியோ, பாதியாவது வயிற்றுக்குள் போனது.

ஜோயல்? கை பின்னால்தான். என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். "ஆ" என்றான். ஊட்டு என்று அர்த்தம்.

"ஸ்பூனை எடு கண்ணு" என்றார் டீச்சர். அசையவில்லை. ஆயாம்மா அவன் கையை முன்னால் இழுத்து, ஸ்பூனைப் பிடித்து வைத்தார். அவர் விட்டதும் ஸ்பூன் கீழே விழுந்தது, கை பின்னால் போனது.

"என்னா தம்பி, கை வலிக்குதா?" என்றார் ஆயாம்மா. வலி ஒன்றும் இல்லை. பசிதான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அழக்கூட இல்லை. கிண்ணத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், வாயைத் திறப்பான்.

நான் பாய்ந்து போய் ஊட்டப் போனேன். ஜெயமேரி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

டீச்சர் எங்களை வாசல் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். "ஊட்டவே மாட்டோம்னு இல்லைங்க. ரெண்டு வாய் ஊட்டுவோம். அப்புறம் புள்ளை தானா எடுத்துப் போட்டுக்கணும். எனக்கும் ரெண்டு கைதான், ஆயாம்மாவுக்கும் ரெண்டு கைதான். இவன் பட்டினியா ஒக்காந்திருந்தா எனக்கு மனசு கேக்காது. ஒண்ணாந்தேதி சேக்கணும்னீங்கல்ல? அதுக்குள்ள பழக்கிட்டு வாங்க. எடத்தை வெச்சிருக்கேன்."

ஒன்றாம் தேதி. அந்தத் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜெயமேரி மருந்தாளுநர் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்தாள். பிள்ளை வயிற்றில் வந்ததும் நின்றாள். இப்போது நம் விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவளே விசாரித்து, அவளே நேர்காணலுக்குப் போய், அவளே வாங்கிய வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். வெள்ளைக் கோட்டு வாங்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மாட்டியும் வைத்துவிட்டாள். போகிற வருகிற போதெல்லாம் அதன் காலரை நீவிவிடுவாள்.

பிள்ளையை நானே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நமக்குத் தொழில் பீங்கான். வீடும் ஷெட்டும் ஒரே வளாகம். ஹோட்டல்களுக்குச் சட்னிக் கிண்ணம், சூப்புக் கிண்ணம் செய்து அனுப்புகிறேன் — வாடிக்கை வாசகர்களுக்குத் தெரியும். ஷெட்டில் எந்நேரமும் மண்தூசி. "பையனுக்கு நெஞ்சு சளி விடணும்னா பகல்ல அங்க வெச்சுக்காதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் அம்மா ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணன் வீட்டில், முட்டி வலியோடு. ஜெயமேரிக்கு அம்மா இல்லை. ஆக, காப்பகம்தான் வழி. காப்பகத்துக்கு ஸ்பூன்தான் வழி.

டி.வி.எஸ்.சில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். "நரம்புல ஏதாவது இருக்குமோ? கைக்குப் பலம் பத்தலையோ? பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாமா?" எனக்குக் கவலைப்படுவதற்குக் காரணம் வேண்டியதில்லை. காரணம் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஷெட் வாசலில் ஜோயலை இறக்கிவிட்டேன். உள்ளே இரண்டு பக்கமும் நீளப் பலகைகள். பலகை நிறைய அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்த பச்சைக் கிண்ணங்கள் — இன்னும் சூளைக்குப் போகாதவை. நடுவில் ஒற்றையடிப் பாதை போல இடம். ஜோயல் அந்த வழியாக நடந்தான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். விரலோடு விரல் கோத்து. பார்வையிட வந்த கலெக்டர் மாதிரி.

கிண்ணங்களுக்கு ஈரத் துணியால் விளிம்பு துடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்து பார்த்து, "மேஸ்திரி வந்துட்டாரு, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றாள். எப்போதும் சொல்லும் கேலிதான். எப்போதும் போல நான் சிரித்தேன்.

ஜெயமேரி சிரிக்கவில்லை. "ஏங்க, அவன் கையைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன்.

"அங்க எப்படி வெச்சிருந்தான்?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

பச்சைக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும். விரல் பட்டால் விளிம்பு பொலபொலவென்று உதிரும். லேசாக இடித்தால் கீறல் விடும். அந்தக் கீறல் சூளையில் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் ஷெட்டுக்குள் யார் நுழைந்தாலும் நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை — "கை பின்னாடி." வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு, சரக்குப் பார்க்க வரும் ஹோட்டல்காரருக்கு, ஒருமுறை கடனுக்கு ஷெட்டைப் பார்வையிட வந்த பேங்க் மேனேஜருக்குக் கூட. அவரும் பாவம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குற்றவாளி போலத்தான் சுற்றிப் பார்த்தார்.

ஜோயல் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் வாயிலிருந்து அவனுக்கு அதிகம் போன சொல் எது? அப்பா இல்லை. கண்ணு இல்லை. கை பின்னாடி. ஒரு பிள்ளைக்குக் கிண்ணம் என்றால் என்ன என்று நான் ஒரு வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன்... கிண்ணம் என்றால் தொடக் கூடாதது.

ஊருக்கெல்லாம் கிண்ணம் செய்து அனுப்புகிறவனின் பிள்ளை.

"நரம்பு டாக்டர்லாம் வேணாம்" என்றாள் ஜெயமேரி. "அவனுக்கு ஒண்ணும் இல்ல. சொன்னபடி கேக்குறான். அவ்ளோதான்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. பழக்கிவிடலாம் என்று நான் கிளம்பினேன். எப்படிக் கிளம்பினேன்? வழக்கம் போலத்தான். முதலில் பஜாருக்குப் போய்ப் பாத்திரக் கடையில் நின்றேன்.

எவர்சில்வர் ஸ்பூனைக் கையில் எடுத்தேன். ஓடும்போது வாயில் வைத்துக்கொண்டு விழுந்தால்? தொண்டையில் குத்திவிடாதா? வைத்துவிட்டேன். பிளாஸ்டிக். கடித்து, துண்டை விழுங்கிவிட்டால்? மர ஸ்பூன். சிலாம்பு உதட்டில் ஏறிவிட்டால்?

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, நீங்க ஸ்பூன் வாங்க வந்தீங்களா, பயந்துட்டுப் போக வந்தீங்களா?"

கடைசியில் ரப்பர் போல வளைகிற ஒரு ஸ்பூனும், அதே மாதிரிக் கிண்ணமும் வாங்கினேன். கிண்ணத்துக்கு அடியில் உறிஞ்சி மாதிரி ஒன்று. தரையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். தள்ளினாலும் கவிழாது. எனக்கென்றே செய்தது போல இருந்தது.

அதைப் பார்த்ததும் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். "கிண்ணம் செய்யிற வூட்டுல ரப்பர் கிண்ணமா? அண்ணே, கட்சிக்காரங்க பாத்தா ஆர்டரை ரத்து பண்ணிடுவாங்க." எங்களிடம் சரக்கு எடுப்பவர்களைத்தான் கட்சிக்காரர்கள் என்கிறாள்.

அன்று முதல் தினமும் மூன்று வேளை வகுப்பு. வாத்தியார் நான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். படிப்பு வராமல் இல்லை. முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும். கணக்கில் தவறிவிட்டால்? எழுதியது அழிந்துவிட்டால்? ஒரு வருடம் அந்தக் காய்ச்சலோடே வீட்டில் நின்றவன், அப்படியே நின்றுவிட்டேன். அப்படிப்பட்டவன் வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும்?

ஜோயல் கையை முன்னால் கொண்டுவருவான், அரை மனசாக. ஸ்பூனைப் பிடிப்பான். சாதம் ஒரு பருக்கை சிந்தும். என் வாயிலிருந்து "ஐயையோ" என்று வரும். கை பின்னால் போய்விடும். மறுபடி கொஞ்சி, கெஞ்சி முன்னால் கொண்டுவருவேன். ரசம் மேலே தெறிக்கும். "பாத்து பாத்து பாத்து." கை பின்னால். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லும். துண்டு எடுத்துத் துடைக்கும் கை தானாகத் துடைக்கும்.

"நீங்க பயப்படுறதை நிறுத்துங்கன்னு சொல்லல" என்றாள் ஜெயமேரி ஒருநாள். "அது உங்களால ஆவாது. வாயை மட்டும் மூடிட்டுப் பயப்படுங்க."

முயன்றேன். வாயை மூடினால் கண் உருண்டது. பிள்ளை கிண்ணத்தைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தான்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்ததும் ஜெயமேரி ரப்பர் கிண்ணத்தைத் தூக்கி மூலையில் போட்டாள். "வெளியில எந்த வூட்டுல கிண்ணத்தை ஒட்டி வெப்பாங்க?" நம் ஷெட்டில் செய்த, நீலக் கரை போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். சூளையில் நன்றாக வெந்தது. அதில் தயிர் சாதம் பிசைந்தாள். எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அதன் முன்னால் ஜோயலை உட்கார வைத்தாள்.

"நீங்க வெளியில போங்க."

"நான் ஒண்ணும் பேச மாட்டேன் ஜெயா."

"தெரியும். போங்க."

போனேன். ஷெட்டுக்குள் போய், வீட்டுப் பக்கம் திறக்கிற ஜன்னல் ஓரமாக நின்றேன். போகச் சொன்னாள். பார்க்காதே என்று சொல்லவில்லையே.

ஜெயமேரி அவனைப் பார்க்கவே இல்லை. ஒரு தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அவன் ஒருமுறை வாயைத் திறந்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. இன்னொருமுறை திறந்தான். அவள் ஊறுகாயை நக்கினாள்.

பிறகு... அவன் வலது கை மெல்ல முன்னால் வந்தது. நத்தை கொம்பை நீட்டுகிற மாதிரி. ஸ்பூனைத் தொட்டது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. முழுக்கையால் கொத்தாகப் பிடித்தான். தயிர் சாதத்துக்குள் குத்தினான். ஸ்பூன் நிறையச் சாதம் வந்தது. தூக்கினான். நேராக வாய்க்குத்தான் தூக்கினான்.

அப்போது அவன் முழங்கை கிண்ணத்தில் இடித்தது. கிண்ணம் வழுக்கிக்கொண்டு முக்காலி விளிம்புக்குப் போனது. பாதி வெளியே.

"டேய், கை பின்னாடி."

நான்தான். ஷெட்டே அதிரும்படி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஸ்பூன் விழுந்தது. கை இரண்டும் பின்னால் போயின. ஜோயல் அழவில்லை. ஜன்னலைப் பார்த்தான், சொன்னபடி செய்துவிட்டேன் பார் என்பது போல.

கிண்ணம் விழவில்லை. பாதி வெளியே, பாதி உள்ளே, அப்படியே நின்றுவிட்டது.

ஜெயமேரி என்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கிண்ணத்தை நடுவே நகர்த்தினாள். விழுந்த ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தாள். சாதத்தைக் கையில் உருட்டி, அவன் வாயில் ஊட்ட ஆரம்பித்தாள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். கை பின்னால் கட்டியபடியே.

மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் நின்று போன் பேசினாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், கேட்டது.

"இல்லைங்க சார். இப்போதைக்குத் தோதுப்படாது... ஆமாங்க, குழந்தையை விட எடமில்ல... ரெண்டு மாசம்லாம் நீங்க எப்படி வெச்சிருக்க முடியும், புரியுதுங்க... சரிங்க சார், வேற ஆளைப் போட்டுக்குங்க. ரொம்ப தேங்க்ஸ் சார்."

தேங்க்ஸ் என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் நான் ஷெட்டை மூடிவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. ஆர்டர் தவறிவிட்டால்? கட்சிக்காரர் கைவிட்டுப் போய்விட்டால்? யோசித்துக்கொண்டே வாய் கொப்பளித்தேன். கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். வெள்ளைக் கோட்டை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்ததையும் பார்த்தேன். காலரை நீவவில்லை.

பயப்படுகிறவனுக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. பொறுப்பானவன் என்பார்கள், குடும்பத்து மேல அக்கறை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நம்முடைய பயத்துக்கான கூலியை எப்போதும் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் கொடுக்கிறார்கள். என் பரீட்சைக் காய்ச்சலுக்கு அப்பா கொடுத்தார் — என்னை நம்பித் தொழிலை விட முடியாமல், கடைசிவரை என் கூடவே ஷெட்டில் நின்றார். இதற்கு ஜெயமேரி கொடுத்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம். கஸ்தூரி பலகையைத் தூக்கும்போது ஒரு பச்சைக் கிண்ணம் விளிம்பு உடைந்தது. "போச்சு" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, அதைப் பக்கத்திலிருந்த மண்தொட்டித் தண்ணீருக்குள் வீசினாள். தொபக். சற்று நேரத்தில் அது கரைந்து சேறாகிவிடும். மறுநாள் கலக்கி, வடிகட்டி, திரும்ப அச்சில் ஊற்றினால் திரும்பக் கிண்ணம்.

எத்தனை வருடமாக இதைப் பார்க்கிறேன்? பச்சையில் உடைந்தால் நமக்குப் போவது கொஞ்சம் கை வேலை. மண் போவதில்லை, காசு போவதில்லை. சூளையில் வெந்த பிறகு உடைந்தால்தான் குப்பைமேடு. இதை வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பயப்படாதீங்கம்மா என்று. பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

ஜோயலைத் தூக்கி வந்து ஷெட் வாசலில், காற்றோட்டமாக உட்கார வைத்தேன். அவன் முன்னால் ஒரு பச்சைக் கிண்ணத்தை வைத்தேன். கை பின்னால் போனது.

"உடை கண்ணு" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். கஸ்தூரியும் பார்த்தாள். "அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"உடைடா சாமி. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அசையவில்லை. ஜெயமேரி வீட்டிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது பேசினாள்.

"வாயால சொன்னா எப்படி? நீங்க உடைங்க. அவன் பாக்கட்டும்."

ஒரு கிண்ணத்தை எடுத்தேன்.

"அது விளிம்பு விரிஞ்சது. அதை ஏன் தேடிப் பிடிச்சு எடுக்குறீங்க? நல்லதை எடுங்க."

நல்லதை எடுத்தேன். நம்ப மாட்டீர்கள்... என் கையால் முடியவில்லை. இருபது வயதிலிருந்து இதே வேலை. பூனை நடக்கிற மாதிரி இந்தப் பலகைகளுக்கு நடுவில் நடந்து பழகிய உடம்பு. கிண்ணத்தைப் பிடித்த விரல் விரிய மாட்டேன் என்றது. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரீட்சையா நடக்குது, போடுங்க" என்றாள் ஜெயமேரி.

போட்டேன். பொத் என்று ஒரு சத்தம். பீங்கான் உடைகிற சத்தம் இல்லை, மண் கட்டி உடைகிற சத்தம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஜோயல் காத்திருந்தான், ஐயையோ வரும் என்று. வரவில்லை. கிண்ணச் சில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு பின்னாலிருந்து ஒரு கையை எடுத்து, தன் முன்னால் இருந்த கிண்ணத்தை ஒரு தள்ளு தள்ளினான். பொத்.

சிரித்தான் பாருங்கள்... வயிறு குலுங்க. அடுத்ததை எடு என்று இரண்டு கையையும் நீட்டினான். இரண்டையும் முன்னால்தான்.

அன்றைக்கு ஒரு பலகை காலி. "நல்ல யாவாரம்" என்று முனகிக்கொண்டே கஸ்தூரி எல்லாவற்றையும் அள்ளித் தொட்டியில் போட்டாள். நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அதற்கப்புறம் ஸ்பூன் பெரிய விஷயமாக இல்லை. ஒரு வாரம் மூக்குக்குள் ஊட்டிக்கொண்டான், பிறகு வாய்க்கு வழி கண்டுபிடித்தான். இப்போது ரெஜினா டீச்சர் காப்பகத்து வட்டத்தில் ஏழாவது ஆளாக உட்காருகிறான். "ஒங்க புள்ளை சாப்பிட்டு முடிச்சா பாயை அலசித்தான் ஆவணும்" என்கிறார் ஆயாம்மா. வீட்டில் வெந்த கிண்ணமும் ஒன்றிரண்டு உடைத்துவிட்டான். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். வெளியே போய்ப் பயப்பட்டுவிட்டு உள்ளே வருகிறேன்.

ஜோயல் தானாகச் சாப்பிட ஆரம்பித்த வாரத்தில் ஜெயமேரி அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது. வந்திருக்கிறவர் நல்லவராம், இப்போதைக்குப் போகிறவர் மாதிரித் தெரியவில்லையாம். வேறு இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். இன்னும் கூப்பிடவில்லை. பகலில் வீடு அமைதியாக இருக்கிறது. பிள்ளை காப்பகத்தில், நான் ஷெட்டில். அவள் செய்தித்தாளில் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாள். அதை நான் அதே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இப்போது என் வாயில் எந்தச் சத்தமும் வருவதில்லை.

போன மாதம் ஒருநாள், தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என் மேல கோவமா ஜெயா?"

"கோவம்லாம் இல்ல" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சம்பளம்தான் வரல."

"எந்தச் சம்பளம்?"

"நான் போகாத வேலைக்கு. மாசம் பதினாலாயிரம் பேசினாங்க. நீங்க கத்தினதுல போனது, நீங்கதான குடுக்கணும்?"

சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஹோட்டல் ஆர்டர் பணம் வந்த அன்றைக்கு, நானும் விளையாட்டாகவே பதினாலாயிரத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "இந்தா, மொதல் மாச சம்பளம்."

"ஐய, சும்மா சொன்னேங்க" என்பாள் என்று காத்திருந்தேன்.

வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அவள் வேலையில் சேர வேண்டிய அந்த ஒன்றாம் தேதியிலிருந்து இதோடு மூன்று மாதம் ஆகிறது. பாக்கி, இருபத்தெட்டாயிரம்.